குதிரை வண்டி செய்த நிறுவனம் சிங்கப்பூர் வானத்தைக் காக்க வந்தது எப்படி?

இரண்டாம் உலகப் போர் விமானங்கள் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருது?

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர்? ஜப்பானின் ஸீரோ?

"ப்ரூஸ்டர் பஃபலோ" என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? பெரும்பாலும் இருக்காது.

ஆனால் 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் தாக்கியபோது, சிங்கப்பூரையும் மலாயாவையும் காக்க வானில் ஏறிய போர் விமானம் அதுதான். பஃபலோ என்றால் எருமை. குட்டையான, பருத்த உடல். பெயர் வைத்தது பிரிட்டிஷார். செய்தது அமெரிக்காவின் ப்ரூஸ்டர் ஏரோநாட்டிக்கல் நிறுவனம்.

இன்னொரு விஷயம். இதே விமானத்தை வைத்துப் பின்லாந்து பல ஆண்டுகள் வெற்றிகரமாகப் போரிட்டது. சிங்கப்பூரில் அது சுமார் 2 மாதம்தான் தாக்குப்பிடித்தது.

ஒரே நிறுவனம், ஒரே வகை விமானம். அங்கே வெற்றி, இங்கே தோல்வி. ஏன்?

ப்ரூஸ்டர் நிறுவனத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் பதில் கிடைக்கும்.

தொடக்கம் சாரட்டு வண்டி

விமானமே இல்லாத காலம் அது. 1810ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜேம்ஸ் ப்ரூஸ்டர் என்பவர் குதிரை வண்டி செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

சாதாரண வண்டியில்லை. பணக்காரர்கள் பவனி வரும் சாரட்டு வண்டி. பிறகு நியூயார்க்கிலும் ப்ரூஸ்டர் என்றால் தனி மதிப்பு.

20ஆம் நூற்றாண்டு வந்தது. குதிரைகள் போய் கார்கள் வந்தன. ப்ரூஸ்டரும் மாறியது. சொகுசு கார்களுக்கு வெளிக்கூடு செய்துகொடுத்தது. விமானப் பாகங்களும் செய்யத் தொடங்கியது.

மரம், உலோகத் தகடு, வளைவான வடிவம் இவற்றில் கைதேர்ந்தவர்களுக்கு இறக்கையும் மிதவையும் செய்வது அப்படியொன்றும் தூரமான வேலையில்லை. அந்தக் காலத்தில் பல விமான நிறுவனங்கள் இப்படித்தான் சின்னப் பட்டறைகளாகத் தொடங்கின. சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் முதல் உதாரணம்.

1932ஆம் ஆண்டு ஜேம்ஸ் வொர்க் என்ற விமானப் பொறியாளர் ப்ரூஸ்டரின் விமானப் பிரிவை மட்டும் விலைக்கு வாங்கினார். விலை 30,000 டாலர். ப்ரூஸ்டர் ஏரோநாட்டிக்கல் கார்ப்பரேஷன் பிறந்தது அப்படித்தான்.

அந்தப் பெயரில் நூறாண்டுப் பெருமை இருந்தது. முழு விமானம் செய்த அனுபவம் மட்டும் இல்லை.

முதல் போட்டியில் ஜெயித்தது ப்ரூஸ்டர்தான்

1930களின் நடுப்பகுதி. அமெரிக்கக் கடற்படை தன் விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் புதிய போர் விமானம் தேடிக்கொண்டிருந்தது.

அதுவரை கடற்படையிடம் இருந்தவை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டை இறக்கை கொண்ட விமானங்கள். அந்தக் காலம் முடிந்துகொண்டிருந்தது.

ப்ரூஸ்டரின் வடிவமைப்பாளர் டேட்டன் பிரவுன் ஒற்றை இறக்கை விமானம் ஒன்றை வரைந்தார். 1937ஆம் ஆண்டு டிசம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. போட்டிக்கு நின்றது கிரம்மன் நிறுவனம். அதற்குக் கடற்படையுடன் நல்ல பழக்கம்.

ஜெயித்தது யார்? ப்ரூஸ்டர்.

1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் 54 விமானங்களுக்குக் கடற்படை ஆர்டர் கொடுத்தது. விமானத்தின் பெயர் எஃப்2ஏ. அமெரிக்கக் கடற்படையில் சேவைக்கு வந்த முதல் ஒற்றை இறக்கைப் போர் விமானம் அதுதான்.

தோற்ற கிரம்மன் சும்மா இருக்கவில்லை. தன் விமானத்தைத் திருத்தியது, இயந்திரத்தை மாற்றியது, மறுபடியும் கொண்டுவந்தது. அதுதான் பின்னாளில் பேர் வாங்கிய "வைல்ட்கேட்". 7,000க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது.

ப்ரூஸ்டர் தயாரித்த எஃப்2ஏ வகை விமானங்கள் மொத்தமே 509.

அப்படியென்றால் போட்டியில் ஜெயித்த நிறுவனம் எங்கே கோட்டைவிட்டது?

அடுக்குமாடிக் கட்டடத்தில் விமானத் தொழிற்சாலை

நம்ம ஊரில் அடுக்குமாடித் தொழிற்சாலைகள் சகஜம். உபியிலும் காலாங்கிலும் பார்த்திருப்பீர்கள். மேல்மாடியில் பேக்கரி, கீழ்மாடியில் அச்சகம்.

ஆனால் விமானம் செய்ய அது தோதுப்படுமா?

ப்ரூஸ்டரின் முக்கியத் தொழிற்சாலை நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டி வட்டாரத்தில் பல மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. பாகங்களை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஏற்றி இறக்கவேண்டும். பக்கத்தில் ஓடுபாதை கிடையாது. விமானத்தைப் பகுதி பகுதியாக லாரியில் ஏற்றி விமானத் திடலுக்குக் கொண்டுபோய், அங்கே மறுபடியும் பூட்டி, அதன் பிறகுதான் பறக்கவிட்டுப் பார்க்க முடியும்.

ஒன்றிரண்டு செய்தால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் செய்யவேண்டும் என்றால்?

இன்னொரு பிரச்சினை விற்பனையில். ப்ரூஸ்டருக்காக வெளிநாடுகளில் ஆர்டர் பிடித்தவர்கள் மிராண்டா சகோதரர்கள். பேச்சில் கெட்டிக்காரர்கள். பின்லாந்து, பெல்ஜியம், பிரிட்டன், டச்சுக் கிழக்கிந்தியா என்று ஆர்டர்கள் குவிந்தன. தொழிற்சாலையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

எல்லாரிடமும் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு, யாருக்கும் நேரத்துக்குக் கொடுக்க முடியாத நிலை. புரியுது இல்லையா?

அமெரிக்கக் கடற்படை முதலில் கேட்ட 54 விமானங்களில் கடைசியில் அதன் கைக்கு வந்தவை 11தான். மற்றவற்றைப் பின்லாந்துக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

சிங்கப்பூருக்கு ஏன் வந்தது?

1940ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் பிரிட்டன் ஜெர்மனியை எதிர்த்து நிற்கிறது. விமானத்துக்குக் கடும் தட்டுப்பாடு. அமெரிக்காவில் கிடைப்பதை வாங்க பிரிட்டன் ஆளனுப்பியது. 170 ப்ரூஸ்டர் விமானங்களுக்கு ஆர்டர் போனது.

சில விமானங்கள் பிரிட்டனுக்கு வந்தன. விமானிகள் ஓட்டிப் பார்த்தார்கள். ஜெர்மன் விமானங்களுக்கு எதிரே இது நிற்காது என்று பிரிட்டிஷ் ஆகாயப்படை முடிவுசெய்தது.

சரி, வாங்கியாச்சு. இப்போ என்ன செய்வது?

தூரக் கிழக்குக்கு அனுப்பு.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பஃபலோ விமானங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் சிங்கப்பூர் வந்தன. இங்கே பூட்டப்பட்டு, காலாங்கிலும் செம்பவாங்கிலும் நிறுத்தப்பட்டன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையணிகள் அவற்றை ஓட்டின.

மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனே கணக்குப் போட்டிருந்தது. போர் தொடங்கியபோது தயாராக இருந்தவை 158. அதில் பஃபலோ சுமார் 60. மற்றவற்றில் பல பழைய குண்டுவீச்சு விமானங்கள்.

தூரக் கிழக்கின் தலைமைத் தளபதி ராபர்ட் ப்ரூக்-பாப்பம் அப்போது வெளிப்படையாகவே சொன்னார்: நல்ல விமானங்களை இங்கிலாந்து வைத்துக்கொள்ளட்டும், இங்கே பஃபலோ போதும்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய தப்புக்கணக்கு இருந்தது. ஜப்பானியரின் விமானங்கள் தரம் குறைந்தவை, அவர்களின் விமானிகளுக்குக் கண்பார்வை சரியில்லை என்றெல்லாம் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் நம்பினார்கள். கேட்டால் இன்றைக்குச் சிரிப்பு வரும். அந்த இளக்காரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் இங்கே வாழ்ந்த மக்கள்.

1941 டிசம்பர் 8: முதல் குண்டு

விடியற்காலை 4 மணி தாண்டியதும் சிங்கப்பூர் மீது முதல் குண்டுகள் விழுந்தன. நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 60க்கும் அதிகமானோர் மாண்டனர்.

அந்த நேரத்தில் பஃபலோ விமானங்கள் எங்கே? தரையில்.

செம்பவாங்கில் இருந்த விமானிகள் மேலே ஏறத் தயாராக இருந்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை. இருட்டில் நம் பீரங்கிகளே நம் விமானங்களைச் சுட்டுவிடலாம் என்று மேலிடம் பயந்தது.

அதே நாளில் வட மலாயாவின் விமானத் தளங்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டன. சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த், அலோர் ஸ்டார். தரையில் நின்ற விமானங்கள் எரிந்தன. அன்று மாலைக்குள் வடக்கிலிருந்த விமானங்களில் பாதிக்கும் மேல் போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் தேதி, இன்னொரு பேரிடி. பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டும் குவாந்தானுக்கு அருகே ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 840 பேர் மாண்டனர்.

உதவிக்குச் செம்பவாங்கிலிருந்து பஃபலோ விமானங்கள் பறந்தன. ஆனால் கப்பல்களிலிருந்து அழைப்பே தாமதமாகத்தான் வந்தது. விமானங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடலில் தத்தளித்தவர்களை மேலிருந்து பார்க்க மட்டுமே முடிந்தது.

பஃபலோ ஏன் திணறியது?

விமானம் மோசம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதல் காரணம் எடை. அமெரிக்கக் கடற்படைக்குச் செய்த முதல் வகை இலகுவானது. பிரிட்டன் பாதுகாப்புத் தகடு, கூடுதல் கருவிகள் எல்லாம் கேட்டது. எடை சில நூறு கிலோ ஏறியது. இயந்திரத்தின் சக்தி அதற்கேற்ப ஏறவில்லை. பல பைகளை மாட்டிக்கொண்டு அடுக்குமாடிப் புளோக்கின் படிக்கட்டில் ஓடுவதுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இயந்திரம். பொருத்தப்பட்டவற்றில் சில புதியவை கிடையாது. பயன்படுத்தியவற்றைப் புதுப்பித்துப் போட்டிருந்தார்கள். நம் வெயிலில் அவை சூடேறின. அதிக உயரத்தில் எரிபொருள் சரியாகப் பாயவில்லை. விமானி ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டே ஓட்டவேண்டிய நிலை. அதே நேரத்தில் எதிரி பின்னால் வருவான்!

மூன்றாவது, ஆட்கள். விமானிகளில் பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த இளைஞர்கள். சுமார் 20 வயது. தேசிய சேவையில் இருக்கும் உங்கள் அண்ணனின் வயது. எதிரே வந்த ஜப்பானிய விமானிகளோ சீனாவில் பல ஆண்டுகள் போரிட்டவர்கள். அவர்கள் ஓட்டிய ஸீரோவும் ஹயபூசாவும் இலகுவானவை, சட்டென்று திரும்பக்கூடியவை.

நான்காவது, தகவல். எதிரி வருகிறான் என்று எவ்வளவு முன்னால் தெரிகிறதோ, அவ்வளவு உயரத்துக்கு ஏறலாம். மேலே இருப்பவனுக்குத்தான் சாதகம். மெதுவாக ஏறும் பஃபலோவுக்கு நிறைய நேரம் வேண்டும். அந்த நேரம் பெரும்பாலும் கிடைக்கவில்லை. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தாக்கப்பட்டார்கள்.

விமானிகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஆஸ்திரேலியப் படையணி ஒன்று தகடுகளையும் தேவையில்லாத கருவிகளையும் கழற்றிப் போட்டது. கனமான துப்பாக்கிகளுக்குப் பதில் இலகுவானவற்றைப் பொருத்தியது. எரிபொருளையும் குறைவாகவே நிரப்பியது. அதனால் விமானம் கொஞ்சம் வேகமாக ஏறியது. ஆனால் சுடும் பலம் குறைந்தது, பறக்கும் தூரமும் குறைந்தது.

தனிப்பட்ட திறமை இல்லாமலும் இல்லை. காலாங்கிலிருந்து பறந்த நியூசிலாந்து விமானி ஜெஃப்ரி ஃபிஸ்கன் பஃபலோவை ஓட்டி 6 ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் இருக்கிறது. எதிரியோடு வட்டமடித்துச் சண்டை போடாமல், உயரத்திலிருந்து பாய்ந்து தாக்கிவிட்டு விலகிப் போவது அவர் கண்டுபிடித்த வழி.

மொத்தக் கணக்கு கசப்பானது. 60க்கும் மேற்பட்ட பஃபலோ விமானங்கள் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டன. சுமார் 40 தரையிலேயே அழிந்தன. விபத்துகளில் போனவை சுமார் 20.

1942ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் ஹரிக்கேன் விமானங்கள் 51 பெட்டிகளில் வந்திறங்கின. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பறக்கக்கூடிய கடைசி பஃபலோ பிப்ரவரி 10ஆம் தேதி சிங்கப்பூரைவிட்டுப் போனது. ஐந்தே நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது.

பின்லாந்தில் அதே விமானம் எப்படி ஜெயித்தது?

இப்போ கதையின் மறுபக்கம்.

பின்லாந்து 1940ஆம் ஆண்டு 44 ப்ரூஸ்டர் விமானங்களைப் பெற்றது. 1941ஆம் ஆண்டிலிருந்து சோவியத் படைகளுக்கு எதிராக அவற்றைப் பயன்படுத்தியது. 450க்கும் மேற்பட்ட சோவியத் விமானங்களை அவை வீழ்த்தியதாகப் பின்லாந்து கணக்குச் சொல்கிறது. வானச் சண்டையில் அது இழந்தவை சுமார் 20 மட்டுமே. ஹன்ஸ் வின்ட் என்ற ஒரே விமானி இந்த விமானத்தில் 39 வெற்றிகளைக் கணக்கில் வைத்தார்.

போர்க்காலக் கணக்குகளில் மிகை இருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. அங்கே அதற்குச் செல்லப்பெயரே "வானத்து முத்து".

எப்படி?

பின்லாந்துக்குப் போனவை தொடக்ககால இலகுவான வகை. குளிரான நாடு என்பதால் இயந்திரம் அவ்வளவாகச் சூடேறவில்லை. அப்படியும் வந்த கோளாற்றை அவர்களின் மெக்கானிக்குகள் சரிசெய்தார்கள். இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் வளையம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். சின்ன வேலைதான். தொந்தரவு அடங்கியது.

விமானிகள் ஏற்கெனவே ஒரு போரைப் பார்த்தவர்கள். சொந்த நாட்டின் மேல் பறந்தவர்கள். தொடக்கத்தில் எதிரே வந்த சோவியத் விமானங்கள் பல பழையவை என்பதும் உண்மை.

ஆக, விமானம் ஒன்றுதான். அதைச் சுற்றி இருந்த எல்லாமே வேறு: எடை, வெப்பம், பயிற்சி, பராமரிப்பு, எதிரி.

பின்லாந்து தனக்குக் கிடைத்ததைத் தானே உட்கார்ந்து படித்து, தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. சிங்கப்பூருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே எந்த விமானம் வரவேண்டும், எத்தனை வரவேண்டும், எப்போது பறக்கவேண்டும் என்ற முடிவுகளை எடுத்தவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள் இல்லை.

கீழே இருந்தவர்கள்: லிட்டில் இந்தியா

வானத்தில் தோற்றால் அதன் விளைவு தெருவில் தெரியும்.

சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்து போயிருப்பீர்கள். ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அக்கம்பக்கத்து மக்கள் அடைக்கலம் தேடி ஓடிய இடங்களில் அதுவும் ஒன்று. காக்க வேண்டிய விமானங்கள் குறையக் குறைய, கோயில் கூரைதான் பலருக்குப் பாதுகாப்பு.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃபேரர் பார்க். அந்தத் திடலுக்கும் விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. ஒரு காலத்தில் அது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி ஜோசஃப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜிய விமானி அங்கிருந்துதான் சிங்கப்பூரின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார்.

31 ஆண்டுகள் கழித்து, 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, அதே ஃபேரர் பார்க்கில் 40,000க்கும் அதிகமான இந்தியப் படைவீரர்கள் திரட்டப்பட்டார்கள். பிரிட்டிஷார் அவர்களை ஜப்பானியரிடம் முறைப்படி ஒப்படைத்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைப்பு விடுத்தார். பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பலரும் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

மலாயாவில் வடக்கிலிருந்து தெற்கு வரை பின்வாங்கிக்கொண்டே வந்த அந்த இந்திய வீரர்களுக்கு மேலே பெரும்பாலும் தங்கள் விமானம் ஒன்றுகூட இருந்ததில்லை. பிரிட்டன் நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை உடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ப்ரூஸ்டருக்குக் கடைசியில் என்ன ஆனது?

1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் பசிபிக்கில் மிட்வே போர். அங்கே அமெரிக்கர்களே பஃபலோவை ஓட்டினார்கள். சுமார் 20 விமானங்கள் மேலே ஏறின. 13 திரும்பவில்லை. அதோடு அமெரிக்காவும் அதை முன்னணிச் சண்டையிலிருந்து விலக்கியது.

நிறுவனத்துக்குள்ளும் நிலைமை மோசம். உற்பத்தி தாமதம், நிர்வாகக் குழப்பம். 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் உத்தரவுப்படி கடற்படையே தொழிற்சாலைகளைக் கையகப்படுத்தியது. அடுத்த ஆண்டு, கப்பல் கட்டுவதில் பெயர்பெற்ற ஹென்றி கைசரை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே சண்டை, வேலைநிறுத்தம்.

சொந்தமாக வடிவமைத்த குண்டுவீச்சு விமானமும் எடுபடவில்லை. இன்னொரு நிறுவனத்தின் "கோர்செர்" விமானத்தைச் செய்துகொடுக்கும் வேலை கிடைத்தது. 735 செய்தார்கள்.

1944ஆம் ஆண்டு கடற்படை அந்த ஒப்பந்தத்தையும் ரத்துசெய்தது. வேலை போகிறது என்று தெரிந்த லாங் ஐலண்ட் சிட்டி தொழிலாளர்கள் தொழிற்சாலையைவிட்டு வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்தார்கள். பாவம், அதனாலும் முடிவு மாறவில்லை.

1946ஆம் ஆண்டு நிறுவனத்தைக் கலைக்கப் பங்குதாரர்கள் வாக்களித்தார்கள். உலகமே விமானம் கேட்டு நின்ற போர்க்காலத்தில் கைநிறைய ஆர்டர் வைத்திருந்த ஒரு விமான நிறுவனம் மூடப்பட்டது.

நியூயார்க்கில் அந்தப் பல மாடிக் கட்டடம் இன்னும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டிலிருந்து அங்கே இயங்கிவருவது ஜெட்புளூ விமான நிறுவனத்தின் தலைமை அலுவலகம்!

இதெல்லாம் இப்போ நமக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி.

சிங்கப்பூர் இன்றும் சொந்தமாகப் போர் விமானம் செய்வதில்லை. வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. அதில் 1941க்கும் இப்போதைக்கும் வித்தியாசமில்லை.

மாறியிருப்பது, முடிவெடுப்பவர் யார், எப்படி முடிவெடுக்கிறார் என்பது.

எஃப்-35 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் பரிசீலித்த பிறகு, 2019ஆம் ஆண்டு தற்காப்பு அமைச்சு முதலில் 4 விமானங்களை மட்டும் வாங்கப்போவதாக அறிவித்தது. பிடித்திருந்தால் மேலும் 8 வாங்கும் உரிமையோடு. 2023இல் அந்த 8ஐயும் வாங்க முடிவானது. 2024இல் வேறொரு வகையில் இன்னும் 8. மொத்தம் 20.

முதலில் கொஞ்சம் வாங்கு, நம் தேவைக்கு ஒத்துவருமா என்று பார், பிறகு கூட்டு. வேறு யாரோ வேண்டாம் என்று ஒதுக்கியதை வாங்கிக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை.

விமானம் மட்டும் போதாது என்பதையும் பஃபலோ கதை சொல்கிறது. அதை ஓட்டும் ஆள், பராமரிக்கும் கை, எதிரி வருவதை முன்கூட்டியே சொல்லும் ராடார் எல்லாம் வேண்டும். கீழே பதறாமல் இருக்கும் மக்களும் வேண்டும். தேசிய சேவையில் உங்களுக்குக் கிடைப்பது விமானி வேலையாக இல்லாமல் ராடார் திரையைப் பார்க்கும் வேலையாக இருக்கலாம். "இதெல்லாம் ஒரு வேலையா" என்று நினைக்கத் தோன்றலாம். 1941ஆம் ஆண்டு பஃபலோ விமானிகளிடம் கேட்டிருந்தால், கூடுதலாக ஒரு பத்து நிமிட எச்சரிக்கையின் மதிப்பு என்ன என்று சொல்லியிருப்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். முழுமைத் தற்காப்பு நாள். 1942ஆம் ஆண்டு சிங்கப்பூர் சரணடைந்த நேரத்தை நினைவூட்டத்தான் அது.

நேரில் பார்க்க வேண்டுமா?

சிங்கப்பூரில் ஒரு பஃபலோகூட மிஞ்சவில்லை. உலகிலேயே கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று. 1942இல் விழுந்து, 1998இல் ரஷ்ய ஏரி ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட பின்லாந்து விமானம் அது.

ஆனால் அது பறந்த இடங்கள் இங்கேதான் இருக்கின்றன.

ஓல்ட் ஏர்போர்ட் ரோடு உணவங்காடியில் சாப்பிட்டிருக்கீங்களா? அந்தப் பெயரில் இருக்கும் பழைய விமான நிலையம், 1937ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காலாங் விமான நிலையம். ஃபிஸ்கனும் மற்ற இளைஞர்களும் பஃபலோவில் ஏறியது அங்கிருந்துதான். அதன் முனையக் கட்டடம் பாதுகாக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

செம்பவாங் இன்றும் ஆகாயப்படைத் தளம். இப்போது அங்கே நம் ஹெலிகாப்டர்கள்.

கிராஞ்சி போர் நினைவகத்துக்குப் போனால் நடுவில் உயர்ந்து நிற்கும் கட்டடத்தின் கூரையைப் பாருங்கள். விமானத்தின் இறக்கை வடிவம். கீழே உள்ள சுவர்களில் கல்லறைகூட இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். இந்தியப் பெயர்கள் ஏராளம். பஃபலோவில் ஏறிப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களும் அதே சுவர்களில்தான் இருக்கின்றன.